சீனி போட்ட பால்

நெல்லுக் காயவிடுகிற காலத்தில் எனக்கும் வேலை இருக்கும். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் தார் றோட்டின் கரையில் படங்கை விரித்து நெல்லைப் பரவிவிட்டு, தங்கச்சியும் அவளின் புருசனும் வயலுக்குப் போய்விடுவார்கள். நான் வீல்செயாரில் இருந்தபடி நீட்டுத் தடியால் மாடு கலைப்பேன், நெல்லைக் கிளறிவிடுவேன். கடைசிச் சண்டையில் முதுகில் செல் வெடித்துத் துண்டு பட்டதில் இருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் அதற்கு முதலே, இடப்பெயர்வோடு நின்றுபோனது. மாடு வராத நேரத்தில் யோசிப்பேன். பெரும்பாலும் கூடாத பக்கமாகத்தான் யோசிப்பேன்.

அப்படி ஒரு பின்னேரம், வெளிநாட்டில் இருக்கிற பெரியம்மாவின் மகன் போன் எடுத்தார். தங்கச்சி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி என் மடியில் வைத்தாள். அவருக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. எடுத்தால் அங்கத்தைய புதினம்தான். அன்றைய புதினம் இது: தீராத வருத்தக்காரர் சாகக் கேட்டால் டொக்டர்மாரே ஊசி போட்டு நோகாமல் அனுப்பிவைப்பார்களாம், அதற்குச் சட்டம் இருக்கிறதாம். கை கால் வழங்காத ஒருவர் கிட்டடியில் அப்படிப் போனாராம்.

"அவர் கேட்டவரோ?" என்றேன்.

"ஓமடா, தானாத்தான் கேட்டவர். பிள்ளையளுக்குப் பாரமா இருக்க விருப்பமில்லையாம்."

"பாரமெண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

அவர், ஊரில் மழையோ என்று கேட்டார்.

இதை ஏன் எனக்குச் சொன்னார் என்று அன்றைக்கே எனக்குள் புழு நெளியத் தொடங்கியது. எனக்குத்தான் சொன்னாரா? பக்கத்தில் தங்கச்சியின் புருசன், மச்சான், நெல்லுச் சாக்குக் கட்டிக்கொண்டு நின்றவர். கேட்டுக்கொண்டு நின்றவர்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் காதல் பிரச்சினையில் சாகப் போனவன். ஊரே கூடி அவனை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. விடுங்கோ, நான் சாகவேணும் என்று கத்தினான். ஒருவரும் அதை அவனுடைய விருப்பம் என்று எடுக்கவில்லை. மச்சான்தான் அவனுக்குக் கன்னத்தில் ஒன்று போட்டு ஏற்றினவர். அதே சொல்லை நான் சொல்லியிருந்தால் அடிப்பாரா என்று யோசித்தேன். பாவம், சரியாகத்தானே சொல்லுகிறான் என்று எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள் என்றே எனக்குப் பட்டது. அவனுக்குக் கால் இருக்கிறது.

நெல்லு ஏற்றி முடிந்த கையோடு எனக்குக் காய்ச்சல் பிடித்தது. படுக்கைப்புண் பழுத்திருந்தது. எனக்கு நோகாதபடியால் பிந்தித்தான் தெரிந்தது. அடுத்த நாள் விடிய உடம்பு நடுங்கியது, கண் திறக்க ஏலவில்லை. காது மட்டும் நல்லாக வேலை செய்தது.

தங்கச்சி கிட்ட வந்து, என்ன தின்ன ஆசையாக இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி யாரிடம் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆளிடம் ஆசையைக் கேட்பார்கள். பிறகு சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் பால் பருக்குவார்கள், நிம்மதியாகப் போகட்டும் என்று. நானும் பருக்கியிருக்கிறேன்.

மத்தியானம் விசுவமடுவில் இருந்து மாமி வந்து இறங்கினா. யார் சொல்லி அனுப்பினது? வாசலில் மச்சானின் குரல் கேட்டது.

"ஏன் அவரை இன்னும் வருத்தவேணும்?"

அதற்கு மாமி என்ன சொன்னா என்று விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குசினியில் பால் கொதிக்கிற மணம் வந்தது. மாமி கரண்டியை என் உதட்டில் வைத்து, "ஒரு வாய் குடி மோனை," என்றா. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பால் கழுத்தில் வழிந்தது. தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்தாள். அதையும் குடிக்கவில்லை. தண்ணீரிலும் எனக்குச் சந்தேகம். வாய் வரண்டு நாக்கு ஒட்டியது. தங்கச்சி அழத் தொடங்கினாள். அந்த அழுகைதான் என்னை உசுப்பியது.

"நான் சாகேல்லை," என்றேன். "சாகவும் கேக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

மாமி கரண்டியை ஓங்கினா. "விசரா, சீனி போட்ட பாலடா இது. சாகிறவனுக்கு ஆரும் சீனி போடுவினமே?"

நக்கிப் பார்த்தேன். இனித்தது.

அம்புலன்ஸ் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, ஏன் குடிக்கக் கொடுக்கவில்லை என்று டொக்டர் மச்சானைப் பேசினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு பேச்சு வாங்கினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு நேரே கேட்டேன்: ஏன் வருத்தவேணும் என்றியளே, என்ன அர்த்தத்தில்?

"ஓட்டோவில குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய் அந்தப் புண்ணை ஏன் வருத்தவேணும் எண்டு சொன்னனான். அம்புலன்சுக்கு அப்பவே போன் அடிச்சாச்சு," என்றார் மச்சான். முகத்தைப் பார்த்தேன். உண்மை மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. அம்புலன்ஸ் நான் கத்தினதற்குப் பிறகுதானே வந்தது. முதலே அடித்திருந்தாலும் அப்பதான் வந்திருக்கும் என்கிறார். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

வீட்டுக்கு வந்து, இரண்டு பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்திச் சொன்னேன். இனி எனக்குக் காய்ச்சல், வருத்தம் வந்தால் ஒன்றும் கேட்கக்கூடாது. ஆசையும் கேட்கக்கூடாது, விருப்பமும் கேட்கக்கூடாது. நான் சோர்ந்துபோய் என்னை விடுங்கோ என்று சொன்னாலும் கேட்கக்கூடாது, தூக்கிக்கொண்டு போகவேணும். அந்தப் பெடியனைக் கொண்டுபோன மாதிரி. தேவையென்றால் கன்னத்தில் அடியுங்கோ.

மச்சான் சிரித்தார். "அதுக்கென்ன, இப்பவே ஒண்டு போடட்டே?" என்றார்.

தங்கச்சி சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான், "ஓம் அண்ணா," என்றாள்.

ஏன் பிந்தினாள் என்று எனக்குத் தெரியாது. இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.