பாதி நனைந்த கல்

பிள்ளைகளே, கூழாங்கல் என்ன நிறம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சாம்பல் நிறம் என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் ஒரு பட்டறையில் துணிக்குச் சாயம் போடுவது என் வேலை. பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதே பட்டறையின் ஆபீசில் என் சிநேகிதன் இருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் கல்லூரி வரைக்கும் போனான், இங்கிலீஷ் பேசுவான். வெளிநாட்டு ஆர்டர்களை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மத்தியானச் சோறு எங்களுக்கு ஒன்றாகத்தான். அவன் வீட்டுக் குழம்பை நான் ஊற்றிக்கொள்வேன், என் வீட்டுப் பொரியலை அவன் கேட்காமலே அள்ளிக்கொள்வான். அவன் எப்படிப்பட்ட சிநேகிதன் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நாள் லாட்வியாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மேப்பில் நம் ஊரிலிருந்து விரலை வடமேற்கே நகர்த்திக்கொண்டே போனால், பனி பெய்கிற பக்கத்தில், பால்டிக் கடலோரமாக இருக்கிற சின்ன நாடு அது. அங்கே போர்வை, திரைச்சீலை எல்லாம் வடிவமைக்கிற ஓர் அம்மா அனுப்பியிருந்தார்கள். பார்சலுக்குள் ஒரு கூழாங்கல், பைன் மரப்பட்டை ஒரு துண்டு, காய்ந்துபோன கடற்பாசி கொஞ்சம். மூடியைத் திறந்ததும் நம் உவரிக் கடற்கரையில் அடிக்காத ஒரு வாசனை அடித்தது. கூட வந்த கடிதத்தில் ஒரு போர்வை கேட்டிருந்தார்கள். அதை என் சிநேகிதன் படித்துச் சொன்னான்.

"மீன் வேண்டாம், சிப்பி வேண்டாம், அலை படம் வேண்டாம்னு சொல்லுதாங்க. போர்வையப் பாத்தா அவங்க கடற்கரையில கெடந்தத எடுத்த மாதிரி இருக்கணுமாம்."

"கடல்னா நீலம் போடலாமாலே?"

"அவங்க கடல் நீலமே கெடையாதாம். கல்லப் பாத்துப் போடச் சொல்லுதாங்க."

நான் கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே சாம்பல் நிறம் வருகிற வரைக்கும் சாயத்தைக் கலந்து போர்வையை முக்கினேன். அச்சு அசலாக வந்தது. அனுப்பினோம். நிறம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்று பதில் வந்தது.

எனக்கு ரோஷமாகிவிட்டது. கல்லுக்கு ஏது உயிர்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணியில் அன்று தண்ணீர் குறைவு. பாறைகளும் கற்களும் பாதி வெளியே, பாதி உள்ளே கிடந்தன. காய்ந்த பாதி வெளுத்துப்போய்க் கிடந்தது. தண்ணீர் பட்ட பாதியோ கறுப்பும் பச்சையும் செம்மண் ரேகையுமாகப் பளபளத்தது. இரண்டுக்கும் நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு. நான் சோப்பு போட்ட தலையோடு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் குளித்தவர், "என்னவே, மோதிரம் எதும் வுழுந்துட்டா?" என்று கேட்டார்.

சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியை முதலில் நன்றாக நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் சாயத்தில் போடுவோம். அப்போதுதான் திட்டு விழாமல் நிறம் சமமாக ஏறும். மறுநாள் நான் அதை வேண்டுமென்றே செய்யவில்லை. முழுப் போர்வைக்கும் காய்ந்த கல்லின் நிறத்தைக் கொடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தேன். பிறகு ஈரம் காட்டாமல் அப்படியே அதில் பாதியை மட்டும் நனைந்த கல்லின் நிறத்துக்குள் இறக்கினேன். காய்ந்த துணி சாயத்தை அதன் இஷ்டத்துக்குக் குடித்தது, ஓர் இடத்தில் மேலே, ஓர் இடத்தில் கீழே. போர்வையின் நடுவில் கரை விழுந்தது. தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போன கரை.

அதைப் பார்த்ததும் என் சிநேகிதன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "ஏலே, எங்கனருந்துலே புடிச்ச இத?"

படித்துறைக் கதையைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நேரில் வந்து பார்க்கப்போவதாக எழுதினார்கள். "யாரு யோசனையோ அந்த ஆள அடுத்த வருசம் அவங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, கடற்கரையில வச்சு புதுசா ஒண்ணு செய்யப் போறாங்களாம். போயிட்டு வாலே!" இதைச் சொன்னவன் அவன்தான். எனக்கு அந்தக் கடலைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. கல்லைத் தெரியும், பாசியைத் தெரியும், கடலை மட்டும் தெரியாது. வீட்டில் பிள்ளைகளிடம், "அப்பா நீலமில்லாத கடலப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். சின்னவன் என்னைக் குல்லாய் போட்ட கரடி மாதிரி வரைந்து சுவரில் ஒட்டினான்.

அந்த அம்மா வந்தார்கள். சாயத் தொட்டிப் பக்கத்திலேயே நின்றார்கள், ஆவி அடித்தும் நகரவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். என் சிநேகிதன் இங்கிலீஷில் பதில் சொன்னான். நீளமாகச் சொன்னான், கையை ஆற்றுப் பக்கம் காட்டினான். என் கதையைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் விருந்தாளி முன்னால் ஒருவர் பேசும்போது சும்மா மரம் மாதிரி நிற்க மாட்டோம், தலையாட்டுவோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்று அதற்கு அர்த்தம். அவன் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்த அம்மா அவனுடைய கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்கள். இங்கிலீஷ் தெரிந்தவனிடம் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அவன் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான்.

"எனக்கு விசா வந்துட்டுலே."

"ஒனக்கா?"

"ஆமா. சாப்புடு, சூடா இருக்கு."

நான் சாப்பிட்டேன்.

அந்த அம்மா எடுத்த படம் இன்டர்நெட்டில் வந்திருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். என் முகம் வந்ததும் சின்னவன் கைதட்டினான். ஒன்பதாவது படிக்கிற மகள் மட்டும் கைதட்டவில்லை. படத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"அப்பா, மாமா என்ன சொல்லுதாங்கன்னு அப்ப ஒங்களுக்குப் புரிஞ்சுதா?"

"என்ன சொல்லுதான்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆத்துல குளிக்கும்போது எனக்கு இந்த யோசனை வந்துச்சு, நான் சொல்லச் சொல்ல இவர் முக்கினாருன்னு சொல்லுதாங்க. நீங்க தலையாட்டிட்டே இருக்கீங்கப்பா."

கரடிப் படத்தை என் மனைவி மறுநாள் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

அவனிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? டீக்கடையில் வைத்துக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பைய என் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினான்.

"நீ அங்க போயி என்னலே பேசுவ? ஊமை மாதிரி நிப்ப. நான் போனா நம்ம பட்டறைக்குல்லா நல்லது. அதும்போக நான் சொல்லும்போது நீயுந்தான தலையாட்டுன? உலகமே பாத்துட்டுலே. இனிமே மாத்திச் சொன்னா ஒன்னத்தான் பொய்யன்னு சொல்லுவாங்க."

அவன் போனான், திரும்பி வந்தான். என் பிள்ளைகளுக்கு மிட்டாயும் எனக்கு ஒரு கூழாங்கல்லும் கொண்டுவந்தான். கடல் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை.

"என்னத்தச் சொல்ல, சும்மா சாம்பலாக் கெடக்கு."

"தண்ணிக்குள்ள எறங்குனியா?"

"குளிருலே! ஷூவக் கூடக் கழட்டல."

அவன் என் இடத்தில் போனதைவிட, போயும் அந்தத் தண்ணீரில் காலை நனைக்காமல் வந்தானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் அந்த அம்மா வீடியோ காலில் வந்தார்கள். அவன் தொட்டிப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினான். அடுத்த போர்வைக்குத் தான் யோசித்திருப்பதைச் சொல்லப்போவதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தான். அடுத்ததாக ஒன்றை நான் யோசித்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. பேசிக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினான். சின்னத் திரையில் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சாம்பலாக ஏதோ அகலமாகக் கிடந்தது. கடலா, வானமா, தெரியவில்லை.

அவர்கள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். நான் சிரித்தேன். தலையை அசைக்கவில்லை.

"ஆட்டுலே" என்றான் அவன், உதடு அசையாமல்.

நான் அப்படியே நின்றேன். பிள்ளைகளே, ஒருவர் பேசும்போது தலையை அசைக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பாருங்கள். கழுத்து வலிக்கும். தொட்டி ஓரம் கிடந்த, அந்த அம்மா முதலில் அனுப்பிய கூழாங்கல்லை எடுத்து, பாதியை வாளித் தண்ணீரில் முக்கித் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்கள். பிறகு என்னை விரலால் காட்டி அவனிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், சின்னக் கேள்விதான். அவன் என் கையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். கல்லிலிருந்து தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.