நேரத்துக்குப் போன ரயில்

சிவகாசிப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில், விசாரணைக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். இதை முழுசாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் நாரணாபுரத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். பட்டாசு வெடித்துக் கருகிய அவள் புருஷனை விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அண்ணே, ரயிலு வருமா, இல்ல பஸ்ஸுக்குப் போகவா?"

"பத்து நிமிஷத்துல வந்துரும், உக்காருங்க."

பத்து நிமிஷம் போனதும் என் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை இன்னொரு பத்து நிமிஷம் காட்டியது. அவள் கேட்கக் கேட்க நானும் அதையே சொன்னேன். ரயில் ஐம்பது நிமிஷம் தாமதம். அவள் போய்ச் சேருமுன் அவன் உயிர் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் வேணும்னே மெதுவாப் போனேன்னு அத்தை சொல்றாக. அன்னைக்கு ரயிலு லேட்டுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

என்மேல் புகார் வருமோ என்று பயந்துவிட்டேன். கடைசி ஸ்டேஷனுக்குப் போன நேரத்தை வைத்துத்தான் ரயில் தாமதமா இல்லையா என்று எழுதுவார்கள். அந்த ரயில் வழியில் தாமதத்தை ஈடுகட்டி, சென்னைக்குச் சரியான நேரத்துக்குப் போயிருந்தது.

"ரெக்கார்டுல கரெக்ட் டைம்னுதாம்மா இருக்கு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமியார் பின்னாலேயே போய்விட்டாள்.

தூக்கம் வராமல் தவித்து, சில நாளில் நாரணாபுரம் போய் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அவளை வீட்டை விட்டு அனுப்பி ஒரு வாரமாச்சு. இப்ப வந்து சொல்றீகளே" என்று அழுதார். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கேட்பவர்களிடம், "அவசரம்னா பஸ்ஸுல போயிருங்க" என்கிறேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.