நன்றியுரைக்கு மூன்று நிமிடம்

நான் துப்புரவு வேலை செய்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய சுவரொட்டி ஒன்று இருந்தது. இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் வருவோரை வரவேற்றிருந்தார்கள். தமிழில் ‘வணக்கம்’ என்று இருந்தது. அந்தக் கண்ணாடியை வாரத்துக்கு இரண்டு தரம் நான்தான் துடைப்பேன். அதே கட்டடத்தின் நிலவறையில், வாளிகளும் மொப்புகளும் வைக்கும் அறையின் கதவில் வேறோர் அறிவித்தல் இருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் வேலை நேரத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும், மீறினால் நடவடிக்கை. மேல்மாடியில் தமிழுக்கு மரியாதை, நிலவறையில் தமிழுக்குத் தடை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கிழக்கு லண்டனில் அது ஒரு பொது அலுவலகம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. வரவேற்புச் சுவரொட்டியை ஒட்டியது அலுவலகம். தடையை ஒட்டியது, துப்புரவை ஒப்பந்தத்துக்கு எடுத்த கம்பனி. மேலே இருந்தவர்கள் கீழே இறங்கி வந்ததே இல்லை. அதனால் இரண்டு காகிதங்களும் ஒரே கூரையின் கீழ் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தின.

எங்கள் சூப்பர்வைசர் மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். தனக்கு விளங்காத மொழியில் யாராவது சிரித்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று நினைக்கும் வியாதி மட்டும் அவருக்கு இருந்தது. அவருக்கும் ஆங்கிலம் பிறந்த வீட்டு மொழி அல்ல. மனைவியோடு தன் மொழியில் படிக்கட்டு அதிரத் தொலைபேசியில் சண்டை பிடிப்பார். அது வேலை நேரக் கணக்கில் சேராது போலும்.

அந்த மாலை நேர ஷிப்டில் நாங்கள் ஆறு தமிழ்ப் பெண்கள். அதில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தவர். ஜெர்மன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில் ‘சொறி’, ‘தாங்க் யூ’ இரண்டும்தான் சரளம். கணவர் முதுகு நோவோடு வீட்டில் இருந்தார். வீடு ஓடியது அக்காவின் இந்த வேலையில்தான்.

ஒரு நாள் இரண்டாம் மாடிப் படிக்கட்டை அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேலேயிருந்து வாளியோடு வேகமாக இறங்கினேன்.

“நிலம் ஈரம் பிள்ளை, பாத்து வா.”

“ஓம் அக்கா, கண்டனான்.”

போன கிழமை அதே படியில் நான் சறுக்கி விழுந்து, வாளித் தண்ணீரில் குளித்திருந்தேன். அந்த ஞாபகத்தில் இருவரும் சிரித்தோம். அவ்வளவுதான் நடந்தது. கீழே நின்ற சூப்பர்வைசருக்கு அக்கா தெரிந்தார், நான் தெரியவில்லை. என் குரலும் சிரிப்பும்தான் கேட்டன. யாரோடு பேசினாய் என்று அவர் அக்காவிடம் கேட்டார். அக்கா தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் பயன்படுத்தி, “சொறி, தாங்க் யூ” என்றார். திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அதையே சொன்னார்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. அக்காவை இடைநிறுத்தியிருந்தார்கள். இன்னொரு பணியாளரோடு சேர்ந்து அந்நிய மொழியில் மேலாளரை இழிவாகப் பேசியதாகக் குற்றம். மூன்று கிழமையில் விசாரணை, நிரூபணமானால் வேலை நீக்கம். அப்படி நீக்கப்பட்டவருக்கு லண்டனில் வேறெந்தக் கம்பனியும் மொப்பைத் தொட விடாது. முந்தைய இடத்தின் நற்சான்று இல்லாமல் குப்பைப் பையைக்கூட நம்பித் தரமாட்டார்கள். அக்கா கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“உன்ர பேர் இதில இல்லைத்தானே?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா.”

“அப்ப சரி.”

அவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசிவிட்டாவது தப்பியிருப்பேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். சாட்சி சொல்லப் போகட்டுமா என்றேன். எங்கள் விசா நீடிப்புப் பத்திரங்கள் அப்போது குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில் கிடந்தன. அந்தப் பெரிய கட்டடத்திலிருந்து மறுமொழி வரும்வரை எங்கள் வீட்டில் இருமுவதற்கும் யோசிப்போம்.

“உமக்கென்ன விசரே?” என்றார் அவர். “பேப்பர் அங்க கிடக்கு. பேசாம இரும்.”

நான் பேசாமல் இருந்தேன். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஆனாலும் மனச்சாட்சிக்கு ஏதாவது தீனி போட வேண்டுமே. ஆகவே விஷயத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் சங்கம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. இன ஒடுக்குமுறைக்கும் உழைப்பாளர் சுரண்டலுக்கும் எதிராகக் குரல் கொடுப்பதே நோக்கம் என்று சங்கத்தின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், எழுதியிருந்தார்கள். தலைவருக்கு அதே தெருவில் ஒரு நகைக்கடையும் மேலே சங்கத்தில் ஒரு பெரிய நாற்காலியும் இருந்தன. நான் மகளிர் பிரிவு. அதாவது, வடையும் நன்றியுரையும் என் பொறுப்பு.

முதற் கூட்டத்தில் கொதித்தார்கள். இல்லையென்று சொன்னால் பாவம். தலைவர் மேசையில் குத்தியதில் தேநீர்க் கோப்பைகள் எழும்பி உட்கார்ந்தன. அந்த அலுவலகத்தின் சமத்துவ அதிகாரியை, எல்லா இனத்தவரையும் அங்கே சரிசமமாக நடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கும் அந்த வெள்ளைக்காரரை, பொதுக் கூட்டத்துக்கு அழைத்து, மக்கள் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கூட்டத்துக்கு ‘நீதி கேட்கிறோம்’ என்று தலைப்பும் வைத்தார்கள். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னதாக, ஒரு சனிக்கிழமை. நான் பஸ்ஸில் வீடு திரும்பும்போது பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இனி ஊரே பேசும், நான் பேசத் தேவையில்லை.

இரண்டாம் கூட்டத்தில் தலைவர் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“ஒரு பெரிய மனிசனைக் கூப்பிட்டிட்டு வெறுமனே இருத்தி வைக்கிறதோ? எங்கட பண்பாடு என்ன?”

எல்லோரும் யோசித்தார்கள். ஒரு பொன்னாடை மட்டும் போர்த்துவோம் என்று செயலாளர் சொன்னார். “முதல்ல மனுசனைக் குளிர வைப்பம். பிறகு கேட்பம்.” பொன்னாடை என்று வந்ததும், போர்த்துவது யார் என்பது வந்தது. அதில் ஒன்றரை மணி நேரம் போனது. தலைவர் பொன்னாடை, செயலாளர் மாலை, பொருளாளர் நினைவுச் சின்னம் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் ஒற்றுமை திரும்பியது. மாலையும் சின்னமும் அந்த ஒற்றுமைக்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்டவை.

மூன்றாம் கூட்டத்தில் மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், தலைவரின் மகளுடைய வயலின். மேடையில் இத்தனை இருக்கும்போது ‘நீதி கேட்கிறோம்’ என்ற தலைப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது என்றார்கள். ‘நல்லிணக்க மாலை’ என்று மாற்றினார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் எடுத்திருந்த பள்ளி மண்டபத்தின் காவலாளி, நெருப்புப் பற்றவைக்கக் கூடாது, அலாரம் அடிக்கும் என்றார். அவரோடு எங்கள் செயற்குழு மூன்று நாள் போராடியது. கடிதம் எழுதினார்கள், நேரில் போனார்கள், இது எங்கள் உரிமை என்றார்கள். கடைசியில் ஒரேயொரு திரி கொளுத்த அனுமதி வாங்கினார்கள். அந்தப் போர்க்குணத்தில் காற்பங்கு அக்காவுக்குச் செலவாகியிருந்தால் விசாரணையே நடந்திருக்காது.

நிகழ்ச்சி நிரலைக் கணினியில் அடித்தவர், சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு தம்பி. ஒலிபெருக்கியும் அவர் பொறுப்புத்தான். அவர் தாளை உயர்த்திப் பிடித்து, “சார், கேள்வி நேரம்னு எதுவும் இதுல இல்லையே?” என்றார்.

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். அதிகாரியின் உரைக்கும் நன்றியுரைக்கும் இடையில் பேனாவால் ‘கலந்துரையாடல், நேரமிருப்பின்’ என்று எழுதினார்.

சனிக்கிழமை அக்கா நல்ல சேலை கட்டி, கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தார். அதிகாரி வந்தார். நல்ல மனிதர், முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. ரோஜா மாலையைப் போட்டதும் கண் கலங்கிவிட்டது. அவருடைய அலுவலகத்தில் அவரை யாரும் அவ்வளவு மதித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். தலைவர் நாற்பது நிமிடம் தமிழின் தொன்மை பற்றி ஆங்கிலத்தில் பேசினார். வயலின் வாசித்த பிள்ளை ஒரு பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரி தன் உரையில், உங்கள் சமூகத்தைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது, நாங்கள் மொழிகளைக் கொண்டாடுகிறவர்கள், எங்கள் சுவரில் ‘வணக்கம்’ என்று எழுதியிருக்கிறோம் என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காவும் எழுந்து தட்டினார். அவர் என்ன சொன்னார் என்பது அக்காவுக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில் முன்வரிசையில் யாரோ தேநீரைத் தட்டிக் கொட்டிவிட்டார்கள். இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. அக்கா எழுந்து போய், எங்கிருந்தோ ஒரு மொப்பைத் தேடி எடுத்துவந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துடைத்தார். தலைவர் மேடையிலிருந்து, “தாங்க் யூ, தாங்க் யூ” என்று மைக்கில் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துப்போனது. யார் மேல் கோபம் என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

காவலாளி கையைத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டினார். நேரமில்லை. கலந்துரையாடல் பிறிதொரு நாளில் நடைபெறும் என்று செயலாளர் அறிவித்தார். மிச்சமிருந்தது நன்றியுரை, மூன்று நிமிடம், மகளிர் பிரிவு.

தலைவர் அடித்துத் தந்த தாளை ஆங்கிலத்தில் வாசித்தேன். அதிகாரிக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, விளக்கு உபயத்துக்கு நன்றி, வடைக்கு எனக்கு நானே நன்றி. தாள் முடிந்தது. நான் இறங்கவில்லை.

“இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்” என்று ஆங்கிலத்திலேயே தொடர்ந்தேன். “இப்போது தேநீரைத் துடைத்தாரே, அவருக்கு. நீங்கள் பெருமைப்படும் அந்தச் சுவர் இருக்கும் கட்டடத்தில், நிலம் ஈரம், பார்த்து வா என்று அவர் என்னிடம் தமிழில் சொன்னார். அதற்காக அவரை இடைநிறுத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. இழிவாகப் பேசியதாகச் சொல்லும் அந்த இன்னொரு பணியாளர் நான்தான். நானும் தமிழில்தான் மறுமொழி சொன்னேன். நானும் சிரித்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் இவ்வளவு நாளும் சொல்லவில்லை. என்னையும் இடைநிறுத்துங்கள்.”

செயலாளர் மேடையோரம் வந்து, மைக்கை நிறுத்தும்படி கையால் சைகை காட்டினார். சென்னைத் தம்பி அதைப் பார்த்தார். பிறகு குனிந்து, கழன்றே இராத ஒரு வயரைத் தேட ஆரம்பித்தார். “அக்கா, மைக் ஆன்லதான் இருக்கு, நீங்க பேசுங்க” என்றார் என்னிடம் மெதுவாக. அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதிகாரி மாலையும் பொன்னாடையுமாக எழுந்து நின்றார். ஆளுக்கு முகம் சிவந்திருந்தது. அப்படியொரு அறிவித்தல் கீழே இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அதை நான் நம்பினேன். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். கணவர் இரண்டு நாள் என்னிடம் சோறு மட்டும் கேட்டார்.

விசாரணை நடக்கவில்லை. ‘தவறான புரிதல்’ என்று கம்பனி ஒற்றை வரியில் கடிதம் அனுப்பியது. என்னை யாரும் இடைநிறுத்தவில்லை. அறிவித்தலை உரித்தெடுத்தார்கள், பசை அடையாளம் கதவில் கிடந்தது. சங்கத்தின் மலரில் பொன்னாடைப் படம் முழுப் பக்கத்தில் வந்தது. சங்கத்தின் இடைவிடாத போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கீழே எழுதியிருந்தார்கள். ஆறு மாதத்தில் குரோய்டனிலிருந்து விசா வந்தது. அங்கே யாருக்கும் என்னையும் தெரியாது, என் படிக்கட்டையும் தெரியாது. அந்தக் கட்டடத்துக்குப் பயந்து நான் ஒரு மனுசியைக் கிட்டத்தட்ட மூன்று கிழமை தனியே விட்டிருந்தேன்.

அலுவலகம் புதிதாக ஒரு சுவரொட்டி அடித்து, மாடிக்கு மாடி ஒட்டியது. ‘தரை ஈரமாக உள்ளது, கவனம்’ என்று பதினொரு மொழிகளில். தமிழ் மூன்றாவதாக இருந்தது. அதற்காகச் சமத்துவ அதிகாரிக்கு எங்கோ ஒரு விருது கிடைத்ததாகவும் கேள்வி.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தார். ரயிலில் என்னோடு வழமை போலப் பேசுவார், பிள்ளைகள் கதை, மீன் விலை எல்லாம். அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்வார். இப்ப பேசலாம் அக்கா, தடையில்லை என்று ரயிலில் பல தரம் சொல்லிப் பார்த்தேன். “ஓம், ஓம்” என்பார்.

ஒரு நாள் அதே இரண்டாம் மாடிப் படிக்கட்டில் வாளியோடு இறங்கி வந்தேன். அக்கா புதுச் சுவரொட்டியின் கீழே நின்று துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கீழே எட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், மொப்புத் தடியை என் முன்னால் குறுக்கே நீட்டி, நிலம் காயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.