இறா வாடை இல்லாத குளிர்

ராயபுரத்தில் கடலுக்கு மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் காற்று வராது. வந்தால் உப்பும் கரித்தூளும் சேர்ந்தே வரும். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வீட்டுக்காரர் டெரிக் வாடகைக்கு விட்டிருந்த ஒற்றை அறையில், சித்திரை பிறந்ததிலிருந்து பாஸ்கல் வெந்துகொண்டிருந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனிதர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு கட்டிலே கதி. உடம்பில் ஊறிய வேர்வை காயவே காயாது. புரட்டிப் படுக்கவைத்தால் பாயும் முதுகோடு எழுந்து வந்தது. மேலே ஃபேன் சூட்டை அள்ளி அள்ளி அவர்மேலேயே கொட்டியது.

அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் போன வேலை இதற்கு நேர்மாறு. காசிமேட்டில் இறா உரிக்கும் ஷெட். பொழுதுக்கும் ஐஸ் தண்ணீரில் கை வைத்து, நகக்கண்ணெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, கூடையில் மிஞ்சிய ஐஸை நிரப்பிக்கொள்வாள். ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்திருந்தாலும், மாடி ஏறுவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். மீதியைத் துணியில் கட்டிக் கணவர் கழுத்தில் வைப்பாள். இறா வாடை அடிக்கிறதென்று முகத்தைச் சுளிப்பார். எடுக்கப்போனால் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"வச்சிக்கினே இரு ஃப்ளோரி."

இந்த வெயில் காலத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜானட் எங்கோ பழைய ஏ.சி. ஒன்றைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பினாள்.

டெரிக் கெட்டவர் இல்லை. பாஸ்கலுக்கு நற்கருணை கொண்டுவரும் சாமியாரை அவரேதான் மாடிக்கு அழைத்து வருவார். ஆனால் ஏ.சி. என்றதும், மாடி வயரிங் அப்பா காலத்தது, பற்றிக்கொள்ளும் என்றார். கீழ் மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்கலாமே என்றால், அதற்குத் தடி வயர் வேண்டும், அது எங்கே இருக்கிறது என்றார். நானே வாங்கித் தருகிறேன் என்று ஃப்ளோரன்ஸ் சொன்னதற்கு, பார்க்கலாம், அவசரப்படாதே என்றார். ஏ.சி. பெட்டி படி வளைவிலேயே கிடந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவள் சேலை அதில் உரசியது.

கத்திரி வெயில் நடுவில் ஒரு மத்தியானம், அவள் ஷெட்டில் இருந்தபோது பாஸ்கல் போய்விட்டார்.

முதலில் பார்த்தது டெரிக்தான். உண்மையாகவே அழுதார். ஷெட்டுக்கு ஆளனுப்பி ஃப்ளோரன்ஸை வரவழைத்ததும், உடலை வைக்கக் குளிர்ப்பெட்டிக்குச் சொன்னதும் அவரே. படி வளைவில் கிடந்த ஏ.சி.யை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலு பேர் குளிர்ப்பெட்டியை மாடிக்கு ஏற்றினார்கள். பெட்டிக்காரர் மாடிப் பிளக்கைப் பார்த்து, இது தாங்காது என்று தலையை ஆட்டினார். டெரிக் விறுவிறுவென்று கீழே போனார். தடியான கறுப்பு வயர்ச் சுருள் ஒன்றோடு திரும்பி வந்து, தன் மீட்டரிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்தார். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"அந்த வயரு எப்பலேர்ந்துண்ணே கீது?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ்.

"அது ரொம்ப நாளா கெடக்குதும்மா. ஒரு அவசரத்துக்குன்னு வச்சிக்கினு கீறேன்."

அவள் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அவர் நெற்றியில் பொட்டு வேர்வை இல்லை. இறா வாடையே இல்லாத குளிர்.

அடக்கம் முடிந்து, ஏழாம் நாள் பூசையும் முடிந்து, அவள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வேலை முடிந்து வந்தவளை டெரிக் படியடியில் நிறுத்தினார். பனியன் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை அவருக்கு.

"அந்த ஏ.சி. பொட்டியக் கொஞ்சம் எட்துடும்மா. வழில கீது, அல்லாரும் இட்ச்சிக்கிறாங்கோ."

"கெடக்கட்டும்ணே" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஒங்களுக்கு ஒரு அவசரத்துக்கு ஆவும்."

காலி டப்பாவோடு மேலே ஏறினாள்.