விழுந்தவர் உடனே எழுந்தார்

வல்லம் பக்கத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாமில் இருந்தபோது போன் வந்தது. கால்நடை மருத்துவர் ஆரோக்கியமேரி காலையில் வீட்டு மாடிப்படியில் விழுந்துவிட்டார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இதயம் என்றார்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திண்டிவனம் கால்நடை மருத்துவமனையில் ஆறு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். என் மேசைக்கு வருவதையும் அவரே பார்த்துவிடுவார் என்று கேலி செய்வேன்.

ஒருநாள் பெருமுக்கல் விவசாயி ஒருவர் தன் நாயைத் தூக்கி வந்தார். அடிக்கடி விழுகிறதாம். வலிப்பு என்று முடிவுகட்டி அதன் காலில் இரும்புச் சாவியைக் கட்டியிருந்தார். நானும் வலிப்புக்கே மாத்திரை எழுதினேன். ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி, விழுவதற்கு முன்னும் எழுந்த பின்னும் நாய் என்ன செய்யும் என்று அவரைக் கேட்டார்.

“என்னப் பாத்தா குதிச்சிக்கினு ஓடியாரும்மா, அப்பிடியே தொவண்டு சாஞ்சிடும். ஒடனே எழுந்து வால ஆட்டிக்கினு வந்துடும்.”

ஆரோக்கியமேரி என் பக்கம் திரும்பினார். “வலிப்பு வந்த நாய்க்கு எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆளே தெரியாது சார், செவுத்துல முட்டிக்கினு திரியும். இது மயக்கம். நெஞ்சுல வச்சுப் பாருங்க.”

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இதயத்தில் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. விவசாயி முன்னால் மூக்குடைபட்ட கோபத்தில் இரண்டு நாள் ஆரோக்கியமேரியோடு சரியாகப் பேசவில்லை. இதய மாத்திரையில் அந்த நாய் இன்றும் நன்றாக இருக்கிறது.

போன மாதம் ஒரு முகாமில், மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறிய ஆரோக்கியமேரி துவண்டு விழுந்தார். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்பு இல்லை என்று பெரிய மேதாவிபோல் அவர்களை விலக்கினேன். அதற்குள் அவரே எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து அடுத்த மாட்டைப் பிடிக்கச் சொன்னார். காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்றார். டீ வாங்கிக் கொடுத்து, “வாலத்தான் ஆட்டல மேடம்” என்றேன். சிரித்தார். வீட்டில் பயப்படுவார்கள், சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. நாய்க்குப் பார்த்த நெஞ்சை அவருக்கும் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்” என்றார், மெதுவாக.

அவரை அறிந்து, இதைப் படிக்கும் உங்களிடம் நல்ல நினைவுகள் நிறைய இருக்கும். என்னிடமும் உண்டு. ஆனால் சாகும்வரை என்னோடு இருக்கப்போவது நான் பண்ணாத அந்த ஒரு போன்தான்.