மருந்தேற்றாமல் திரும்பிய அக்கா

எண்பதுகளின் தொடக்கம். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் என் இடது கால் வீங்கிவிட்டது. கலகெதரவிலிருந்து தனியாகக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பாதத்து நரம்பில் ஒரு சாயமருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால், இரத்தம் எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியுமாம்.

வாங்குப் பலகையில் என் பக்கத்தில் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே எக்ஸ்ரே படம்தான். கால் தொடைவரை வீங்கியிருந்தது. நான் உள்ளே போகும்போது என் பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேசப் பேச அவர் நெஞ்சுக்குள் விசிலடித்தது.

"இழுப்பா அக்கா?" என்றேன்.

"மெதுவா பேசு புள்ள. தோட்டத்துல தெரிஞ்சா வேலையில பேர வெட்டி வீட்டுல குந்த வச்சிருவாங்க. யாரு கேட்டாலும் ஒன்னுமில்லன்னுதான் சொல்றது."

சற்று நேரத்தில் தாதி வந்து, இழுப்பு இருப்பவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து, யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்கா பழக்கதோஷத்தில், "ஒன்னுமில்லைங்க" என்றார். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "இவங்களுக்கு இழுப்பு இருக்கு மிஸி" என்று சொல்லிவிட்டேன்.

டொக்டர் வந்து நெஞ்சைச் சோதித்தார். முதலில் இழுப்புக்கு மருந்தெடுத்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

"காட்டிக் குடுத்திட்டியே புள்ள. இன்னொரு நாளு லீவு யாரு தருவா? இந்தக் கால வச்சிக்கிட்டு எப்பிடி மல ஏறுவேன்?" அக்கா அழுதார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்து ஏறியதும் கால் முழுக்க எரிந்தது. இதை அந்த நெஞ்சு தாங்கியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தால், அக்கா போகவில்லை. மடியில் என் பை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீங்கிய காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, சிரமப்பட்டுக் குனிந்து, எனக்குச் செருப்பை மாட்டிவிட்டார்.

"பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல," என்றார். பிறகு காலை இழுத்து இழுத்து பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது அவரைத் தேடினேன். அதற்குப் பிறகும் தேடினேன். காணவேயில்லை.

என் கால் சுகமாகிவிட்டது. நான் சொன்னது சரிதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் செருப்பு மாட்டக் குனியும்போதெல்லாம், அந்த அக்காவின் காலை அப்புறம் எந்த டொக்டராவது பார்த்தாரா என்று மனம் கனத்துப்போகிறது.