உலகத்தை நடுவில் ஒட்டிய யூஃபிமியா

1907 ஜனவரி 9 அன்று, கண்காட்சிக்காக நான் ஒப்படைத்த கடித உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, தபால்தலையை என் அனுமதியின்றிப் பிரித்தெடுத்தார் என்று தங்கள் தபால்தலைச் சேகரிப்போர் சங்கச் செயலாளர்மீது குற்றஞ்சாட்டுகிறேன். ஒப்படைப்புச் சீட்டு என்னிடம் உள்ளது.

அவ்வுறையை அனுப்பியவள் என் அக்கா யூஃபிமியா. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் மீனுக்கு உப்பிடும் வேலை செய்தவள். தீவைவிட்டு வெளியே சென்றதேயில்லை. 1898 டிசம்பரில், கிளாஸ்கோவில் இருந்த எனக்கு வாழ்த்து அனுப்ப அஞ்சலகம் சென்றாள். அஞ்சல்காரர் டூகல்ட் நீட்டிய தபால்தலையில் உலகப் படமும், கீழே கிறிஸ்துமஸ் என்ற சொல்லும் இருந்தன. கடல்கள் அனைத்தும் அவளுடைய கட்டைவிரலுக்கடியில் அடங்கின. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் என்று பின்னர் டூகல்டே என்னிடம் சொன்னார்.

“மூலையில ஒட்டு தாயே, பின்னால ஊரே நிக்குது.”

“போய்யா! உலகத்தையே கையில குடுத்துட்டு மூலையில தள்ளச் சொல்றியா?”

உறையின் நட்டநடுவில் ஒட்டினாள். என் முகவரியை அதைச் சுற்றி வட்டமாக எழுதினாள். கடல் கடந்து அது என் கைக்கு வந்தபோது நானும் அந்த உலகத்தின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.

யூஃபிமியா இன்று உயிரோடில்லை. எனக்குத் திரும்பி வந்தது தபால்தலை மட்டுமே. அதைப் போன்றது சேகரிப்பவர் பலரிடமும் உண்டு. அவள் கையெழுத்து சுற்றி நிற்க, நடுவில் வெறுமையாய்ப் போன அந்த உறை எங்கே? குப்பையில் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் தெரிவியுங்கள். செயலாளர் கையொப்பத்துடன் எழுத்துமூலமான பதில் எனக்கு வேண்டும்.